புகார்ப் பதிவேடு

வெரோனாவுக்கு மேற்கே
செர்ரித் தோப்புகளுக்கும் கல்லறுக்கும் வாளின் இரைச்சலுக்கும் நடுவில்
எனக்கொரு மேசை, ஒரு தொலைபேசி.
கல் விற்பவர்கள் கீழ்த்தளத்தில்.
விற்ற கல்லுக்குத் திட்டு வாங்குகிறவள்
நான், நீவெஸ் ஸர்தீனி, மாடியில்.

திங்கட்கிழமை, ரொவீகோவிலிருந்து எர்ஸீலியா அம்மாள்.
சமையல் மேடையில் எலுமிச்சை அரிந்தாராம்,
பாதி மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தாராம்.
விடிந்தால் வெள்ளைப் பளிங்கில்
மங்கலாய் ஒரு வட்டம்.
துடைத்தால் போகவில்லை.
போகாது, அம்மா.
அது கறை இல்லை, கடித்த தடம்.
பூமிக்குள் வெந்து மறுபிறவி எடுத்த சுண்ணாம்புதான் பளிங்கு;
புளிப்பு பட்டதும் பழைய பிறவி நினைவுக்கு வந்து
கொஞ்சம் கரைந்துகொடுக்கும்.
கருங்கல்லாக இருந்தால் கண்டுகொண்டிருக்காது.
"வாங்கும்போதே ஏன் சொல்லவில்லை?"
கீழ்த்தளத்தைக் கேளுங்கள்.

தூரின் நகரத்து வக்கீலுக்குத் தரையெல்லாம் ஓட்டை.
டிராவர்ட்டைன் அப்படித்தான், ஐயா.
வெந்நீர் ஊற்றடியில் படிந்து படிந்து கல்லானபோது
குமிழிகள் வெளியேறிய வழி அது.
பூசி அடைக்கலாம், சதுர மீட்டருக்கு இவ்வளவு.
தொகையைக் கேட்டதும்
ஓட்டைகள் அவருக்கு அழகாகிவிட்டன.

ஜெனோவாவில் ஒருவர்
கறுப்பென்று வாங்கிய பலகைக்கல்
மூன்றே வருடத்தில் சாம்பலாகிவிட்டது.
"எனக்கும்தான் நரைக்கிறது" என்று எழுதினேன்.
அழித்துவிட்டு
"எண்ணெய் பூசவும்" என்று எழுதினேன்.

திரெந்தோ மலையின் சிவப்புப் போர்ஃபிரிக்கு
என் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை.
எரிமலை பெற்ற பிள்ளை; வழுக்காது, உறைபனிக்கு உடையாது.
அல்லது
தெருவில் கிடக்கும் கல்லுக்காக
யாரும் காகிதம் செலவழிப்பதில்லை.

அக்டோபரில் மாந்தொவாவிலிருந்து
ருஜ்ஜேரோ பொன்ஃபாந்தே,
காது கேட்கும் கருவி விற்கிறவர்.
"என் குளியலறைத் தரையில் நத்தை இருக்கிறது."
உயிரோடா?
"கல்லில்!"
எங்கள் ஊர்ச் சிவப்புக் கல்.
சந்தையில் அதன் பெயர் மார்பிள்,
பிறப்பால் சுண்ணாம்புக்கல், கடலடிச் சேறு.
நத்தை என்று அவர் சொன்னது
கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம், அம்மோனைட்;
சுருண்டு படுத்துப் பதினாறு கோடி வருடம்.
குறையில்லை, கூடுதல் விலைக்குப் போகும் என்றேன்.
அவரைச் சம்மதிக்க வைப்பது
கல்லில் நார் உரிக்கும் வேலை.
"குளிக்கும்போது அது என்னைப் பார்க்கிறது."

கொத்தனார் ஒலீந்தோவோடு போனேன்.
உளி வைத்து ஓரம் தட்டிப் பெயர்த்தார்;
அதிசயம், விள்ளாமல் வந்தது.
அந்த இடத்தில் வெறும் சிவப்பு ஒன்றைப் பதித்தோம்,
எதுவுமே வாழ்ந்திராதது போன்ற சிவப்பு.
ருஜ்ஜேரோ கையெழுத்துப் போட்டார்,
காப்பி தந்தார்,
சர்க்கரை கேட்டேன், காதில் விழவில்லை.

பிப்ரவரியில் மறுபடியும் அந்தக் குரல்.
நானும் பழைய கோப்பை எடுத்துக்கொண்டு
சண்டைக்குத் தயாரானேன்.
வெகுநேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம்,
"அது... இன்னும் உங்களிடம் இருக்கிறதா?"
எது?
"காலையில் சவரம் செய்யும்போது
கீழே பார்க்கிறேன். பார்க்க ஒன்றுமில்லை."

உடைத்து ஜல்லியோடு போட்டுவிட்டோம் என்றேன்.
நிறுவன விதி என்றேன்.
"அப்படியா" என்றார். "பரவாயில்லை" என்றார்.
வாடிக்கையாளர் ஒருவர் என்னிடம்
அந்தச் சொல்லைச் சொன்னது அதுவே முதல் தடவை.
பதிவேட்டில் 'தீர்ந்தது' என்ற கட்டம்
அவர் பெயருக்கு நேரே காலியாகவே இருக்கிறது.

என் வீட்டுக் கதவுக்கு உட்புறம்
நனைந்த குடையை அதன் பக்கத்தில்தான் சாய்த்து வைக்கிறேன்.
உலர்ந்திருக்கையில் வெளிறிய கல்.
சொட்டு விழ விழ ஈரல் நிறத்துக்குக் கறுத்து
உள்ளிருந்து மேலேறி வருகிறது சுருள்.
இருட்டிலும் விளக்குப் போடாமல்
அதைத் தாண்டி மிதிக்கப் பழகிவிட்டது என் கால்.