செப்டம்பர்க் கணக்கு

வால்தெஸ் தீபகற்பத்தில் செப்டம்பர் என்றால்
மூக்கில் மீன்வாடை, பல்லிடுக்கில் மணல்.
நெலிதா உவென்சுல் வயிற்றால் ஊர்ந்து போவாள்
உறங்கும் யானைச்சீலின் பின்துடுப்பு வரை.
அங்கே ஒரு பிளாஸ்டிக் வில்லை, அதில் ஓர் எண்.
வாயை மட்டும் அசைத்துச் சொல்வாள்.
காற்றில் பக்கம் படபடக்க
நான் ஏட்டில் தேடுவேன்.

அந்த வருடம் எண்பது குட்டிகளுக்கு வில்லை போட்டோம்.
நாற்பத்தொன்று ஆண், முப்பத்தொன்பது பெண்.
எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே கத்தல்.
புரட்டிப் போட்டு வயிற்றைப் பார்த்தால்தான் தெரியும்
எது எதுவென்று.
முதல் வருடம் கடலும் புரட்டிப் பார்ப்பதில்லை.
இரண்டையும் ஒரே பசியோடு தின்னும்.
பிறகுதான் அதற்கு வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும்.

பெண், மூன்று வயதிலோ நான்கிலோ,
ஒரு விடியலில் கனத்து வந்து கரையேறும்.
ஆண் இன்னும் வளர வேண்டும்,
தாயைப்போல் மூன்று மடங்கு, நான்கு மடங்கு.
அத்தனை உடம்பை எங்கே போய் வாங்குவது?
கண்டத்தின் விளிம்பில், கடலடித் தரையில்,
இரை கொழுத்துக் கிடக்கும் இடத்தில்,
அதையே மோப்பம் பிடித்து
வேறு பற்களும் வரும் இடத்தில்.
பெண்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போவதில்லை.
நடுக்கடலில், ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும் நீரில்,
இறங்கி ஏறி இறங்கி
கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று காலம் தள்ளும்.

ஏழாம் வருடம் கூட்டிப் பார்த்தேன்.
பெண் பதினொன்று.
ஆண் மூன்று.

பெண்ணாய்ப் பிறந்தால் பிழைத்துக்கொள்ளலாம் போல, என்றேன்.
நெலிதா தெர்மாஸைச் சாய்த்து மாத்தே ஊற்றியபடி
பதினேழாம் எண்ணின்மேல் விரலை வைத்தாள்.
மூன்று வயதிலேயே ஈன்றவள் அவள்.
இருபத்து மூன்று நாள், வாயில் ஒன்றும் படாமல், பால் கொடுத்து
இடுப்பெலும்பு துருத்த நீரில் இறங்கினாள்.
அடுத்த செப்டம்பரில்
அந்தக் கட்டத்தில் வெறும் தாள்.
"விலை கொடுக்காதவர் யாருமில்லை. கடைதான் வேறு வேறு."

ஐம்பது பெண்களுக்கு நடுவில்
கழுத்தெல்லாம் கிழிசலோடு நிமிர்ந்து உறுமும் ஒருவனைத்தான்
பேருந்தில் வருபவர்கள் படம் எடுக்கிறார்கள்.
வராதவர்களை எப்படிப் படம் எடுப்பது?

மார்ச்சில் ட்ரெலேவ் போயிருந்தோம்,
அவள் மகன் எவரிஸ்தோவின் மோட்டார்சைக்கிளுக்குக் காப்பீடு எடுக்க.
மகள் ஓட்டினால் ஒரு தொகை.
மகன் ஓட்டினால் அதற்கு மேலே பாதி.
ஏன் என்று கேட்டாள்.
மேசைக்காரர் கண்ணாடிக்கு அடியில் கிடந்த அட்டவணையைத் தட்டினார்:
"பத்தொன்பது வயது, ஆண்."
நெலிதா சிரித்தாள்.
பிறகு குனிந்து, கட்டம் கட்டமாய் வாசித்தாள்,
கரையில் வில்லையை வாசிப்பதுபோல்,
மூச்சை அடக்கி.
பணத்தைக் கட்டினாள். மீதிச் சில்லறையை எண்ணவில்லை.

இந்த வருடம் அறுபத்தொன்று வந்தான்.
ஐந்து வருடமாய்க் காணாதவன்.
பேனாவால் நான் அடித்துவிட்டிருந்தேன்.
ஒரு கண் வெளுத்து, மூக்கு பாதி பிய்ந்து,
கூட்டத்துக்கு அப்பால்
கல்லோடு கல்லாய்க் கிடந்தான்.
யாரோடும் சண்டையில்லை, யாரும் துணையுமில்லை.
மூன்றாம் நாள் அவன் கிடந்த குழியில்
தண்ணீர் நின்றது.
"செத்தது என்று எழுத
நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்றாள் நெலிதா.
"காணோம் என்று எழுது.
அதையும் பென்சிலால் எழுது."

வெளிச்சம் இறங்கும்போது கடைசிக் குட்டி.
அவள் முழங்காலால் அணைத்து அதைப் புரட்டினாள்.
அது கையுறையைக் கடித்துக்கொண்டு கத்தியது.
நான் பென்சிலோடு நின்றேன்.
மேலே சரளைச் சாலையில் ஒரு மோட்டார்சைக்கிள்.
கை அப்படியே இருக்க
அவள் தலை மட்டும் திரும்பியது.
சத்தம் வளைவில் பெரிதாகி, தேய்ந்து,
வேறு யாரோ.

"ஆண்" என்றாள்.