முப்பத்திரண்டு சுற்று

புயலுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.
எங்கள் பலகையில் அது இல்லை.
டீசல் இரண்டு பீப்பாய்,
குளோரின் ஒன்பது நாளைக்கு,
மேட்டுத் தொட்டி நான்கு மீட்டர் பத்து.
அவ்வளவுதான் எழுதியிருக்கிறோம்.

ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததும்
சென்-ஆந்த்ரே மொத்தமும்
ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தது.
வாளி, அண்டா, குளியல் தொட்டி,
கடைசியில் சாலட் கிண்ணம்கூட.
புயல் இன்னும் கடலில்தான்.
தண்ணீர் அதற்குள் பயந்து
வீடுகளுக்குள் ஓடிவிட்டது.

தங்கை மிரேய் போனில் கேட்கிறாள்:
"நானும் நிரப்பட்டுமா?"
நிரப்பு என்றேன். வேறென்ன சொல்ல?
மூன்றே முக்காலுக்கு இறங்கிய முள்ளில்
அவள் வீட்டுப் பங்கு எவ்வளவோ.

சலாசி மலையில் மழை பிடித்தால்
ஆறு இங்கே வந்து சேர நாற்பது நிமிடம்.
முதலில் தேநீர் நிறம், அப்புறம் சேறு,
அப்புறம் வேரோடு மரங்கள்.
அதற்குமுன் தலைமதகை அடைக்க வேண்டும்.

மோட்டார் இருக்கிறது.
மின்சாரத்தை நம்பாமல் கையால் பழகியிருக்கிறோம்.
சினிமாலே சக்கரத்தைச் சுற்ற
நான் எண்ணுகிறேன்,
கோயில் வகுப்பில் படித்த தமிழில்.
இருபதுக்கு மேல் எனக்கு வராது.
இருபது முடிந்து மறுபடி ஒன்று, இரண்டு...
பதினொன்றில் துரு பிடித்துக்கொண்டது.
அவர் கெட்ட வார்த்தை சொல்லி எம்பினார்.
பன்னிரண்டு.
இரும்பு தரையைத் தொட்ட சத்தம்.

இனி ஆறு வெளியே.
நாளை ஊரெல்லாம் வெள்ளம், குழாயில் வெறும் காற்று.
ஏன் என்று கேட்டு முதல் போன் வரும்போது
எடுக்க ஆள் வேண்டுமே.
இரவுப் பட்டியலில் என் பெயரைப் போட்டுவிட்டு
மழைக்கோட்டை நாற்காலியில் விரித்தேன்.
காயாது. தெரியும்.