பத்து முறை

பிரெஸ்ட் துறைமுகத்தில் மழை.
மத்தி ஆலையில் ஷிஃப்ட் முடிந்து
ரப்பர் கையுறை வாடையோடு வந்த கெத்தெவான்
விடைத்தாளை நீட்டினாள்.

'அவன் வர வேண்டும்': வியென். சரி.
'வராமல் போவானோ என்று பயம்': வியென். சரி.
'வருவான் என நம்புகிறேன்':
அதற்கும் வியென்.

சிவப்பால் அடித்தேன்.
ஆசைக்கு, அச்சத்துக்கு, ஐயத்துக்கு உண்டு.
நம்பிக்கைக்கு மட்டும் அந்த வடிவம் கிடையாது;
நேரான எதிர்காலம், வியாந்த்ரா.

"எந்த மடையன் வைத்த விதி?" என்றாள்.
"விசாவுக்கு நாலாம் தடவையாக
திருமணச் சான்றிதழ் கேட்கிறார்கள்."

விதி விதிதான்.
பத்து முறை எழுதிவரச் சொன்னேன்.

வியாழனன்று கொண்டுவந்தாள்.
எண்ணினேன், நாற்பத்தொன்று.
முப்பதுக்குப் பிறகு
ஜார்ஜிய எழுத்து.
எனக்கு வாசிக்கத் தெரியாது.

எதைத் திருத்த?