பதினான்காம் சட்டம்

புவோலங்காவுக்கு வடக்கே
சரளைச் சாலை முடிகிற இடத்தில் காரை நிறுத்திவிட்டு
மரச்சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.
ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்.
உள்ளே முளைத்ததெல்லாம் கணக்கில் வரும்.
ஒரு விரற்கடை தள்ளி நிற்பது
இருந்தும் இல்லாதது.
அதுதான் சட்டம்.

நான்கு கோடைக்கு முன்
இதே பதினான்காம் புள்ளியில் மண்டியிட்டேன்.
முழங்கால் இரண்டும் ஈரமாகின. வெளிச்சம்கூடப் பச்சை.
ஸ்ப்ரூஸ் மரங்கள்
பேச ஒன்றுமில்லாத உறவினர்கள்போல் நெருக்கி நின்றன.
பதினோரு இனம் எழுதினேன்.
முஸ்திக்கா, கருநீலக் காய்களோடு.
புவோலுக்கா, இன்னும் சிவக்காமல்.
ஒரே காம்பில் இரண்டு மணி தொங்கும் லின்னேயா;
மூச்சை அடக்கிக்கொண்டால்தான் எண்ணமுடியும், அவ்வளவு சின்னப் பூ.
பூக்கவே பூக்காத தவழும் ஆர்க்கிட் ஒன்று, நான்கு இலை.
அப்புறம் படிப்பாசி.
வருஷத்துக்கு ஒரு படி கட்டும் அது,
பழைய படியின் முதுகில் புதுப்படி.
ஓர் இழையைப் பிரித்து எண்ணிப் பார்த்தேன்.
ஏழாவது படிக்குக் கீழே மக்கி மண்ணாகியிருந்தது.
அதற்கும் கீழே எத்தனை என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் மரங்கள் போயின.
பனி உருகியதும் அவுலிஸ் வந்தான்,
இரண்டு எஃகுத் தட்டுகள் சுழலும் வண்டியோடு.
நடப்போகும் பைன் கன்றுகளுக்கு இடம் வேண்டுமே.
பாசியைக் கிழித்து, கறுப்பு மக்கைப் புரட்டி,
அடியில் கிடந்த சாம்பல் மணலையும்
அதற்கடியில் துருநிற மணலையும்
வெயிலுக்குக் கொண்டுவந்து போட்டான்.
சால் சாலாக, குன்றின் வளைவு பிசகாமல்.
நல்ல உழவு. குறை சொல்லமுடியாது.

இன்று எண்ணினேன்.
புல்லில் மூன்று வகை. காற்று கொண்டுவந்த பிர்ச் நாற்று.
ராஸ்பெர்ரி, முள்ளோடும் தாராளத்தோடும்.
பஞ்சு வெடித்து நிற்கும் ஹோர்ஸ்மா,
என் தலைமுடியெல்லாம் அதன் விதை.
சக்கரத்தில் ஒட்டி ஊரிலிருந்து வந்த
ஒரு டான்டெலியன்கூட.
பழைய பதினொன்றில் நான்கு பாக்கி;
முஸ்திக்கா ஒரு பழுப்புக் குச்சி, அதில் இரண்டு இலை.
ஆகமொத்தம் இருபத்திரண்டு.

உழுதவன் கணக்குப் பார்க்கக்கூடாதாம்.
பார்த்துவிட்டேன்.
இரட்டிப்பாக மிஞ்சுகிறது.
கையிலிருந்த கருவி
பன்முகத்தன்மை என்ற கட்டத்தில்
மேல்நோக்கிப் பச்சை அம்பு ஒன்று போட்டது.
போன ஏழும் வந்த பதினெட்டும்
ஒன்றுக்கொன்று ஈடு என்று அதற்கு யார் சொன்னது?

"ஈர்யா, உன் முளைக்குச்சி இதுவா?"
வரப்பு மணலுக்குள் கைவிட்டு எடுத்தான் அவுலிஸ்,
வில்லாய் வளைந்த அலுமினியக் குச்சியை.
முகத்தில் கொஞ்சம் சங்கடம்.
"அதோ, அந்தப் பாறையைச் சுற்றிப் போய்விட்டேன்" என்றான்
ஏதோ ஈடுகட்டுவதுபோல்.
பிறகு, பொய் சொல்ல வராதவன்,
"தட்டு உடைந்துவிடும், அதனால்தான்."

பாறையின் வடக்குப் பக்கம்
ஒரு பாய் அகலத்துக்குப் பழைய தரை.
படிப்பாசி வெயிலில் நுனி வெளுத்திருந்தது.
ஆர்க்கிட்டைத் தேடினேன். இல்லை.
லின்னேயா இருந்தது.
சாலின் விளிம்பைத் தாண்டி, மணல்மேல்
ஒரே ஒரு கொடியை நீட்டியிருந்தது.
என் சட்டத்துக்கு இன்னும் ஒரு சாண்.

நகர்த்தியிருக்கலாம்.
யாருக்குத் தெரியும், ஒரு சாண்தானே.
கை சட்டத்தின் மூலைவரை போனது.

"எவ்வளவு வந்தது?" என்று கேட்டான்.
"இருபத்திரண்டு."
"நல்ல எண்தானே?"
கறுப்பு ஈக்கள் காதுமடலைக் கடித்தன.
அடுத்த எண்ணிக்கை ஐந்து வருஷம் கழித்து என்றேன்.

பாறைமேல் வைத்துத் தட்டிக் குச்சியை நிமிர்த்தி
பழைய இடத்தில் ஊன்றினேன்.
மணல் பிடிக்கவில்லை, சாய்ந்தது.
அவுலிஸ் பூட்ஸ் காலைத் தூக்கினான்,
கொடி எங்கே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு
இந்தப் பக்கமாக மட்டும் மிதித்தான்.