ஏழாம் கேள்வி

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு வந்தவர்கள்
குழந்தையின் தலைமாட்டில் செருகிவிட்டுப் போன உறைகளில்
மொத்தம் நாற்பத்து மூவாயிரத்து ஐந்நூறு.
சல்லிச் சின்னமாமாவின் தாளில்
எட்டு மாதத்துக்குப் பிறகும் மீன் மணம்.

அதை வங்கியில் போடத்தான்
இளவெயினியைத் தோளில் சாய்த்துக்கொண்டு
மணிக்கூட்டுக் கோபுரம் வரை நடந்தேன்.
வங்கி வாசலில் ஒரு மான்
யாரோ கசக்கி எறிந்த வைப்புச் சீட்டை
மென்றுகொண்டு நின்றது.

பெயர், பிறந்த திகதி, பாதுகாவலர், விலாசம்.
ஆறு கேள்விக்கும் நுஸ்கியா நிமிரவே இல்லை.
ஏழாவதில் பேனை நின்றது.
"புள்ள அமெரிக்கப் பிரஜையா, டீச்சர்?"

எட்டு மாதம். இரண்டு பல்.
ஓம் என்றேன்.
நீலக் கடவுச்சீட்டு போன மாதம்தான்
கொழும்பிலிருந்து வந்தது.
படத்தில் அவள் கண் அகன்றிருப்பது
ஸ்டூடியோக்காரர் குலுக்கிய சாவிக்கொத்தைப் பார்த்து.

சுகிர்தனை எழுப்பினேன்.
ஹூஸ்டனில் நடுச்சாமம் தாண்டி அரை மணித்தியாலம்.
"இந்தக் காசுக்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை.
வளர்ந்து உழைச்சால்,
கொண்ணர் எழுதுறன் எண்ட நிலாவெளிக் காணியை
ஒரு நாள் வித்தால்,
அப்ப வரிக் கணக்குக் காட்டவேணும்.
கட்டவேண்டி வராமலும் போகலாம்.
ஆனால் சொல்லவேணும்."
"இஞ்சயே இருந்தாலுமோ?"
"எங்க இருந்தாலும்."

வரி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது வேறு வரி.
எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாளில்
எத்தனை தலை, என்ன வயது, என்ன உறவு என்று
அப்பா ஆளுக்கு ஒரு வரி எழுதியிருந்தார்.
இரவு தங்கும் விருந்தாளிக்கென
கடைசியில் ஒரு வரி வெறுமையாக இருக்கும்.
அதில் பெயர் எழுதாமல் படுத்த ஒருவருக்காக
விடியும் மட்டும் விழித்திருந்திருக்கிறோம்.

பதினேழு வயதில்
அடையாள அட்டையை மேசையில் மறந்துவிட்டு
மட்டிக்களிச் சந்தியில் ஒரு பகல் முழுக்க நின்றேன்.
நான் இந்த நாட்டுக்காரிதான் என்று சொல்ல
அந்த வெயிலில் ஒருவரும் வரவில்லை.
மகளுக்கு இரண்டு நாடு கிடைக்கும் என்றபோது
யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.
இன்றும் போடுவேன்.

அங்கே வேண்டாம் என்று சொல்ல
அவளுக்குப் பதினெட்டு ஆகவேண்டுமாம்.
அதற்கொரு கட்டணம்.
இங்கே வேண்டும் என்று சொல்ல
இருபத்தொன்றோ இருபத்திரண்டோ,
அதற்குள் ஒரு விண்ணப்பம் போடவேண்டுமாம்.
அதற்கும் ஒரு கட்டணம்.
இவ்வளவும் என் தோளில்
எச்சில் வடித்தபடி உறங்குகிறது.

நுஸ்கியா குரலைத் தாழ்த்தினாள்.
"வட்டி வந்தாத்தானே டீச்சர் வரிக் கதை.
வட்டி வேணாமெண்டு ஒரு கடிதம் தாங்க.
எங்கட கிண்ணியா ஆக்கள் கனபேர்
அப்பிடித்தான் வெச்சிருக்காங்க."

அவர்கள் எழுதுவது மறுமையை நினைத்து.
நான் எழுதியது
கடலுக்கு அப்பால் ஓர் அலுவலகத்தை நினைத்து.
இரண்டு அச்சத்துக்கும் ஒரே மாதிரிக் கடிதம்,
ஒரே முத்திரை, ஒரே கோப்பு.
ஏழாம் பெட்டியில் அவள் சரி போட்டாள்.
அதை மட்டும் எந்தக் கடிதத்தாலும்
வெறுமையாக விட முடியவில்லை.

பின்னேரம் சுகிர்தனின் செய்தி:
வட்டியை விட்டுட்டீரா?
தேவையே இல்லையே, நான் சொன்னனான்தானே.
பிள்ளை வளர்ந்து கேட்டால்?

கேட்டால் அவளுக்குச் சொல்லுவன்
என்று அனுப்பிவிட்டுத் திரும்பினேன்.
சேமிப்புப் புத்தகத்தின் மூலை காணாமல் போயிருந்தது.
இரண்டே பல்.
பெயரின் கடைசி எழுத்தில்
மை கரைந்து நாடியில் வழிந்தது.