நாற்பத்தேழு

ஐந்தரைக்கு எழுப்பியது அலாரம் அல்ல.
கூரையின் ஸ்லேட் ஓடுகளை
யாரோ விரல்நுனியால் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
பிறகு உள்ளங்கையால்.
பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு
வாளியோடு கவிழ்த்தார்கள்.

மேட்டில் ஐம்பது மைல் வேகக் காற்று,
பன்னிரண்டுக்குக் கொஞ்சம் தணியும்.
கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று
யாரிடம் கேட்பது?
வானிலைக்கு நான்கு செயலிகள் வைத்திருக்கிறேன்.
மூன்று, மழை என்றன.
நான்காவதை நம்பத் தொடங்கினேன்.

சமையலறை மேசையில் எண் பலகை: நாற்பத்தேழு.
கட்டிய நாற்பது பவுண்டு திரும்பி வராது.
பணத்துக்காகவா போவது?
அந்த விலைக்கு ஒரு காறையெலும்பு மலிவுதான்.
போன மார்ச்சில் முறிந்தது இடப்பக்கம்,
நல்ல வெயிலில்,
தேவாலயத்தின் கார் நிறுத்துமிடத்தில்,
ஒரு நாய்க்கு ஒதுங்கப்போய்.
மழையைக் குறை சொல்ல
எனக்கு முழு உரிமை இல்லை.

மாலி வேன் ஓட்டினாள்.
என் பக்கத்து வைப்பர் செத்துக் கிடந்தது.
அவள் முகத்தைப் பார்த்தே
சாலை எப்படி என்று தெரிந்துகொண்டேன்.
'இறங்கப்போகிறாயா?'
'நீ?'
'நீ இறங்கினால்.'
கோரிஸ் வரை பதினொரு மைலும் இதே பேச்சு.
மற்றவள் முதலில் கோழையாகட்டும் என்று
இருவரும் மரியாதையாகக் காத்திருந்தோம்.

பதிந்தவர்கள் நூற்றிருபது.
வயலில் நின்றவை முப்பத்தொரு வண்டிகள்.
ஒருவரும் வெளியே இல்லை.
மூச்சு படிந்த கண்ணாடிகளுக்குப் பின்னால்
வண்டிக்கு ஒரு நீதிமன்றம்
வாய்தா கேட்டுக்கொண்டிருந்தது.

எமிர் ஜன்னல் ஜன்னலாகத் தட்டி வந்தார்,
தாடி சொட்டச் சொட்ட.
'போட்டி உண்டு. குவாரி இறக்கம் மட்டும்
அவரவர் யோசித்துக்கொள்ளுங்கள்.'

குவாரி இறக்கம் எனக்குத் தெரியும்.
காய்ந்த நாளில் அது படிக்கட்டு.
நனைந்துவிட்டால்,
எண்ணெய் பூசிய புத்தகங்களைச்
சரித்துக் கொட்டிய மாதிரி.
ஒன்றைத் தொட்டால் நூலகமே நகரும்.
பிரேக் பிடித்தால் வழுக்கும்,
பிடிக்காவிட்டால் பறக்கும்,
நடுவே ஒரு நூலளவு இடம் இருக்கிறது.
அந்த நூலளவை என் விரல்கள் அறியும்,
விரல்களில் உணர்வு இருக்கும்வரை.
கையுறையைக் கழற்றினேன்.
சுண்டுவிரல் வெள்ளையாக இருந்தது.

மாலி இறங்கிவிட்டாள்.
ஒன்றும் சொல்லவில்லை,
ஜிப்பை மோவாய்வரை இழுத்துக்கொண்டாள்.
பத்து மணிக்கு விசில்.
முதல் திருப்பத்திலேயே
இருபத்தாறு முதுகுகளும் ஒரே சேறு,
அவளுடையது எது என்று தெரியவில்லை.
பொறாமையில் வயிறு எரிந்தது, நிஜமாகவே.
கால்தான் நகரவில்லை.
ஏதேதோ காரணம் சொல்லிப் பார்த்தேன்.
பயம் என்றால் சுருக்கமாக இருக்கிறது.

வேனின் சாவி மாலியின் சட்டைப்பையில்,
மாலி மலைமேல்.
ஹீட்டர் இல்லாமல் அரைமணி நேரம்
பற்கள் தந்தியடித்த பிறகு
கணக்குப் போட்டேன்.
போட்டித் தூரம் பதினான்கு மைல்.
வீடு பதினொன்று, நடுவில் ஒரு கணவாய்.

ஆக, மழைக்குப் பயந்து போட்டியை விட்டவள்
அதே மழையில்
அதே சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன்.
எண் பலகையை அவிழ்க்க மறந்திருந்தேன்.
ஒரு மேட்டில் காற்று என்னை நிறுத்தியே வைத்தது,
நான் மிதித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கணவாய் உச்சியில் மெய்னிர்
ஆட்டுத் தீவனத்தோடு கேட்டைத் திறந்துகொண்டிருந்தார்.
பலகையைப் பார்த்தார்.
'எத்தனையாவது?'
'பின்னால் ஒருவரும் தெரியவில்லை' என்றேன்.
பொய் இல்லை.
வாளியைக் கீழே வைத்துவிட்டு
ஈரக் கையுறையோடு கைதட்டினார்,
சொத், சொத், சொத்.
மணி பன்னிரண்டு. கொஞ்சம் தணிந்திருந்தது.
கொஞ்சம் என்றால்,
அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும் அளவுக்கு.

மாலையில் வெந்நீர்த் தொட்டியில் கிடந்தபோது
மாலி கூப்பிட்டாள். ஒன்பதாவதாம்.
'குவாரியில் எப்படி இறங்கினாய்?'
'தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.'

நடக்கலாம் என்று
எனக்குத் தோன்றவே இல்லை.
தண்ணீருக்குள்
சுண்டுவிரல் மெல்லச் சிவந்துகொண்டிருந்தது.