இடது கால்

குருசுக்குப்பத்தில் ஒரு மொட்டைமாடி,
மாத வாடகை நாலாயிரம்.
ஆறு மணிக்கு எட்டுப் பாய் விரிப்பேன்.
ஏழரைக்கு வெயில் வந்து எங்களைச் சுருட்டி வைக்கும்.
பன்னிரண்டு வருடமாக
இழு, நிறுத்து, விடு என்று சொல்லித்தான்
அரிசி வாங்குகிறேன்.

கடற்கரை ஓட்டல் மேனேஜர் ஜெரால்டு
இரண்டு நாள் வந்து வியர்த்துவிட்டு
மூன்றாம் நாள் சொன்னார்:
"நல்லா சொல்லித் தர்றீங்க மேடம்.
ஃபாரின் சர்டிபிகேட் ஒண்ணு இருந்தா
கெஸ்ட்டுங்ககிட்ட காட்டலாம்."

காட்ட என்னிடம் இருந்தது
பத்தாம் வகுப்பில், ஜனவரிப் போட்டியில் வாங்கிய கோப்பை.
ஒரு காது உடைந்தது.
இப்போது அதற்குள் ரப்பர் பேண்ட், கேஸ் ரசீது,
யாருடையதென்று தெரியாத ஒரு சாவி.

ஆக, இருநூறு மணி நேரம்.
எந்த நாட்டில் போய் உட்காருவது?
பிள்ளை தூங்கியபிறகு
அந்துவானும் நானும் அவன் போனில் தேடினோம்.
திரையில் ஒரு விரிசல்.
எந்த நாட்டைத் திறந்தாலும்
அது குறுக்கே ஓடியது.

பாலியில் இருபத்தெட்டு நாள்.
நெல்வயல் தெரியும் அறைக்குத்
தனிக் கட்டணம்.
"வயலைப் பாக்கறதுக்கா?" என்றான்.
பாகூரில் அவன் அக்கா வீட்டுக் கொல்லைக்கதவு
வயலில்தான் திறக்கிறது.
அதை இருபது வருடமாக
வெளிச்சம் வருகிறதென்று
சாத்தியே வைத்திருக்கிறார்கள்.

போர்ச்சுகலில் விண்ணப்பம் மட்டுமே நாலு பக்கம்.
பதினோராவது கேள்வி:
இந்தியா சென்றதுண்டா?
ஆம்.
மொத்தம் எத்தனை நாட்கள்?
இரண்டு இலக்கத்துக்கு மட்டும் கட்டம்.
பிறந்த தேதியிலிருந்து அவன் கணக்குப் போட்டான்.
பதின்மூவாயிரத்துச் சொச்சம்.
தொண்ணூற்றொன்பது என்று போட்டேன்.
அம்மை போட்டுக் கிடந்த நாட்கள்,
தானே புயல் கூரையைத் தூக்கிப்போன விடியல்,
ஆஸ்பத்திரி வராந்தாவில் வலி எண்ணிய இரவு,
எல்லாம் கட்டத்துக்கு வெளியே
டிக்கெட் கிடைக்காதவர்கள் மாதிரி நின்றன.

அவர்கள் அனுப்பிய பாடத்தில்
உச்சரிப்பும் இருந்தது: தாட்டாசானா.
குளியலறையில் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன்.
கேலிக்கில்லை.
பிழைக்கப் போகிற இடத்தில்
நம் பெயரையும் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.
என்னை ஏற்கெனவே ஆம்லா என்கிறார்கள்.
அமலோற்பவம் என்றால் மூச்சு வாங்குகிறதாம்.

மூன்றாவது, தாய்லாந்தின் ஏதோ ஒரு மலையடிவாரம்.
படங்கள் சுமார். இணையதளத்தில் எழுத்துப்பிழை.
மாதிரி வகுப்பு என்று ஒரு வீடியோ.
ஐம்பது வயதிருக்கும் நார்வேக்காரி,
மாரித்தாம் பெயர், முழங்காலில் கட்டு.
வலது காலைத் தூக்கச் சொன்னாள்.
இறக்கச் சொன்னாள்.
பிறகு மறுபடியும் வலது காலை.
பாதியில் நின்று, நெற்றியில் தட்டிக்கொண்டு,
"இடது, இடது, மன்னியுங்கள்" என்று சிரித்தாள்.
அந்த இடத்தை யாரும் வெட்டி எடுக்கவில்லை.

"இந்தம்மா தப்புப் பண்ணுது" என்றான் அந்துவான்.
"ஆமாம்" என்றேன்.
திரும்பவும் ஓடவிட்டுப் பார்த்தேன்.

வில்லியனூர் மனைக்கென்று கட்டிய சீட்டு
வெள்ளிக்கிழமை எடுத்தோம்.
பணம் போட்டபின்தான் கவனித்தேன்,
அடியில் எறும்பு எழுத்தில்:
மனம் மாறினால் முன்பணம் திரும்பாது.
இத்தனை வருடத்தில்
இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும்
யோகம் சொல்லித் தந்ததில்லை.

சனிக்கிழமை காலை. எட்டுப் பாய்.
மாதத் தவணையை மனசுக்குள் வகுத்துக்கொண்டே
வலது காலை இரண்டு முறை தூக்க வைத்துவிட்டேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
கீழே மீன்காரி விலை சொல்லிப் போனாள்.
எட்டுப் பேரும் ஒற்றைக் காலில்,
லேசாக ஆடிக்கொண்டு,
நான் எண்ணி முடிக்கக் காத்திருந்தார்கள்.